கிலோ அக்காவும் ஒரு ஆள் ட்ரெய்லரும்

முப்பத்தோரு வருடம் ஒரே ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண், ஓய்வு பெற்ற மறுவாரமே “ஒரு வருஷம் தனியா ஊர் சுத்தப் போறேன்” என்று சொன்னால், கேட்பவர்கள் நம்புவதற்கு முன்னால் காரணத்தைத் தேடுவார்கள். வீட்டில் சண்டையா என்று பக்கத்து வீட்டுக்காரி நைசாக விசாரித்தாள். உடம்புக்கு ஏதாவதா என்று மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தங்கச்சி நேராகவே விசாரித்தாள். சண்டையும் இல்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. ஊர் சுற்ற வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணமே இல்லை என்றதும்தான் எல்லோருக்கும் உண்மையான பயம் வந்தது.

அவள் வேலை பார்த்தது கல்குவாரி வாசலில் இருந்த எடைமேடையில். காலி லாரி மேடையில் ஏறி நிற்கும், எடை எழுதுவாள். ஜல்லி ஏற்றிக்கொண்டு திரும்பி வந்து நிற்கும், மறுபடி எழுதுவாள். காலியாக எடை போடும்போது தண்ணீர் பீப்பாயை நிரப்பி வைத்துவிட்டு, உள்ளே போனதும் திறந்துவிடும் டிரைவர்கள் உண்டு. மாற்றுச் சக்கரத்தைப் புதருக்குள் உருட்டிவிட்டு வருகிறவர்கள் உண்டு. யாரும் அவளிடம் தப்பியதில்லை. டயர் பிதுங்குவதைப் பார்த்தே பாரத்தைச் சொல்வாள். மேடை காட்டும் எண் அதை வழிமொழியும். டிரைவர்கள் வைத்த பெயர்தான் கிலோ அக்கா. வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

ஒருமுறை, நீளமான கல் பாளங்களை வாலில் ஏற்றி வந்த லாரி ஒன்று, மேடையை விட்டு இறங்கும்போது முன்சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு வணக்கம் சொல்வதுபோல நின்றது. டிரைவர் ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டு அலறினான். கிலோ அக்கா ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டி, “எடை சரியா இருக்குப்பா. பறக்கறது என் டிபார்ட்மென்ட் இல்ல” என்றாள். குவாரியில் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் கதை அது. கதை அத்தோடு முடியவில்லை என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

கணவர் அச்சகத்தில் பிழைதிருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக் கதவைத் தாண்டுவதே தவிர்த்திருக்க வேண்டிய ஒரு பிழை என்பது அவர் கட்சி. மனைவி திட்டத்தைச் சொன்னபோது அவர் செய்தித்தாளில் இருந்து தலையை எடுக்கவில்லை.

“தாராளமா போயிட்டு வா. என்னை மட்டும் கூப்பிட்டுடாத.”

“கூப்பிட்டா வருவீங்களா?”

“அதான் சொல்றேன், கூப்பிடாதன்னு.”

இருபத்தொன்பது வருட இல்லறத்தில் இருவரும் ஒரே சமயத்தில் மனம் நிறைந்து ஒப்புக்கொண்ட முதல் ஏற்பாடு இதுதான்.

ஒப்புக்கொள்ளாதவர் தங்கச்சியின் கணவர். கிலோ அக்காவின் வீட்டுக்காரருக்கு அவர் சகலை. அந்த முறைப்பெயரே வீட்டில் அவருக்குப் பட்டப்பெயராகவும் ஆகிவிட்டது. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். கற்றுக்கொடுக்கும் காரில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு அல்லவா, அதை மிதித்து மிதித்து சகலையின் வலது கால் தனி ஜீவனாகிவிட்டது. யார் வண்டியில் ஏறினாலும் அந்தக் கால் தரையை மிதிக்கும். டிவியில் கார் துரத்தினால் சோபாவில் உட்கார்ந்தபடியே மிதிக்கும். தன் மாணவர்களுக்கு அவர் வைத்திருந்த தேர்வு விதியும் அந்தக் காலை நம்பித்தான்: ஓட்டிக் காட்டும்போது கால் மூன்று தடவைக்கு மேல் அசைந்தால் ஃபெயில்.

“ஜீப் ஓட்டறீங்க, சரி. அதுக்குப் பின்னாடி படுக்கை, அடுப்பு, தண்ணித்தொட்டின்னு ஒரு டன்னைக் கட்டி இழுக்கறது வேற விஷயம்க்கா. அதுவும் ரோடே இல்லாத இடத்துல. முதல் மூணு மாசம் நான் கூட வர்றேன்.”

“ஸ்கூலை யார் பாக்கறது?”

“லீவு விட்டுட்டாப் போச்சு.”

கிலோ அக்காவுக்கு மனிதர்களையும் ஓரளவு எடை போடத் தெரியும். சகலை முன்பொருமுறை இரண்டு நாள் தங்க வந்து பதினேழு நாள் இருந்தவர். அவருடைய மூன்று மாதம் ஒரு வருடத்துக்குக் குறையாது. அவர் கெட்டவர் இல்லை. நல்லவர், உதவி செய்பவர், ஓயாமல் உதவி செய்பவர். ஆபத்தே அதில்தான் இருந்தது. தங்கச்சியோ, “யாராவது கூட இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்காவை வளர்த்தது தான்தான் என்பதுபோல் பேசுவது எட்டு வயது இளைய அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வழக்கம்.

“சரி தம்பி,” என்றாள் கிலோ அக்கா. “உங்க ஸ்கூல் ரூலே இருக்கட்டும். குவாரி மலைச்சுத்து ரோடு, பாரம் ஏத்தி, நான் ஓட்டறேன். பக்கத்துல நீங்க உக்காருங்க. உங்க கால் மூணு தடவைக்கு மேல அசைஞ்சா நீங்க என்கூட வாங்க. அசையலைன்னா நான் தனியாப் போறேன், யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. உன்னையும்தாண்டி சொல்றேன்.”

“கால் அசையறத எண்ணறது யாரு?” என்று கேட்டார் கணவர், பக்கம் புரட்டியபடியே.

“நான் எண்ணுவேன்,” என்றாள் தங்கச்சி. நாளெல்லாம் மாத்திரை எண்ணுகிறவள்.

இப்படியாக ஒரு வருடச் சுதந்திரம் ஒரு மனிதரின் வலது காலில் தொங்கிக்கொண்டு நின்றது.

முதலில் வண்டி வேண்டுமே. ஊருக்கு வெளியே, பெரிய இரும்பு வாசல் வைத்த திடல் ஒன்றில் வரிசையாக ட்ரெய்லர்கள் நின்றன. விற்பனைக்காரர் ஒவ்வொன்றிலும் மலை படமும் ‘சாகச பயணம்’ என்ற எழுத்தும் கொண்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். சகலை நேராகப் போய் நின்றது எல்லாவற்றிலும் பெரியதன் முன்னால். நான்கு பேர் படுக்கலாம், உள்ளேயே குளியலறை, வெளியே இழுத்துவிட்டால் ஒரு கூடாரமே விரியும்.

“இத ஒரு ஆள் விரிக்க முடியுமா?” என்று கேட்டாள் கிலோ அக்கா.

“பத்தே நிமிஷம்தான்க்கா. அந்த முனையை மட்டும் இன்னொரு ஆள் பிடிச்சுக்கிட்டாப் போதும்.”

கிலோ அக்கா கைப்பையில் இருந்து துண்டுத்தாளை எடுத்து ஒரு கோடு போட்டாள்.

படிக்கட்டை இறக்க ஒரு ஆள் பிடித்துக்கொண்டால் போதும். கூரைக் கம்பி மாட்ட ஒரு ஆள் பிடித்துக்கொண்டால் போதும். பின்னால் எடுக்கும்போது ஒரு ஆள் இறங்கி நின்று கை காட்டினால் போதும். விற்பனைக்காரர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் ஏழு கோடுகள் விழுந்திருந்தன.

“ரொம்ப நல்ல வண்டி,” என்றாள். “இந்த ஒரு ஆளையும் கம்பெனியே கூடக் குடுக்குதா?”

சகலை தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்த ஒரு ஆள் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அடுத்தது தீப்பெட்டி அளவு. கூடாரம் கூரைமேல் இருந்தது; ஏணியில் ஏறிப் படுக்க வேண்டும். கோடு ஒன்றுகூட விழவில்லை. ஆனால் கிலோ அக்கா ஏணியில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கிப் பார்த்துவிட்டு, “ஐம்பத்தெட்டு வயசுக்கு ராத்திரி ரெண்டு தடவையாவது எந்திரிக்கணும் தம்பி. வருஷத்துக்கு எழுநூறு ஏணி ஆச்சு” என்றாள். விற்பனைக்காரர் இந்தக் கோணத்தில் வாடிக்கையாளர் யாரும் பேசிக் கேட்டதில்லை.

மூன்றாவது, மூலையில் தூசியோடு நின்றது. தாழ்ந்த தகரப் பெட்டி. கூரையை நெம்பினால் நிமிர்ந்து நிற்கும் அளவு உயரும். உயர்ந்த சக்கரங்கள், அடியில் கல் பட்டால் தாங்கும் தகடு. இழுக்கும் வண்டி எப்படிச் சாய்ந்தாலும் தானும் திரும்பிக் கொடுக்கும் கொக்கி. பின்கதவைத் திறந்தால் அடுப்பும் தொட்டியுமாகச் சமையலறை டிராயர்போல வெளியே வந்தது. முன்னால் ஒரு தண்ணீர்த்தொட்டி, பின்னால் ஒன்று.

விற்பனைக்காரர் கொக்கியைப் பிடிக்கக் குனிந்தார். “விடுங்கக்கா, நான் மாட்டறேன்.”

“நீங்க ரெண்டு பேரும் போய் டீ குடிச்சிட்டு வாங்க.”

“குடிச்சாச்சுக்கா.”

“இன்னொண்ணு குடிங்க. ஒரு மணி நேரம் ஆகற மாதிரி குடிங்க.”

அவர்கள் போன பிறகு, அவள் ஜீப்பைப் பின்னால் எடுத்துக் கொக்கிக்கு நேராக நிறுத்தினாள். நாலு தடவை தவறியது, ஐந்தாவது தடவை சரியாக உட்கார்ந்தது. கழற்றினாள், மாட்டினாள். கால்களை இறக்கினாள், கூரையை நெம்பினாள். மாற்றுச் சக்கரத்தைக் கழற்றி உருட்டிப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுத்து, கண்ணை மூடிக்கொண்டே விளக்கு ஸ்விட்சைத் தேடினாள்; கை நேராகப் போய்த் தொட்டது. டீ குடிக்கப் போனவர்கள் திரும்பி வந்தபோது டிராயர் சமையலறையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

“இதுதான்,” என்றாள்.

“காலி எடை எண்ணூத்து இருபதுதான்க்கா, கம்பெனி எடைத் தகட்டுலயே போட்டிருக்கு,” என்றார் விற்பனைக்காரர்.

கிலோ அக்கா டயரைப் பார்த்தாள். “தொள்ளாயிரத்து நாப்பது.”

பழைய எடைமேடையில் ஏற்றிப் பார்த்தார்கள். தொள்ளாயிரத்து நாற்பது. பிறகு சேர்த்துப் பூட்டிய பந்தல் துணி, இரண்டாவது மாற்றுச் சக்கரம், பெரிய பேட்டரி எதுவும் தகட்டுக்குத் தெரியாது. விற்பனைக்காரர் தகட்டை மாற்றித் தந்தார். இப்போது எடைமேடையில் உட்காரும் அம்மாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “இன்னும் கண்ணு மங்கலையே உங்களுக்கு” என்றாள். கிலோ அக்கா அன்று வீட்டுக்கு வரும்வரை ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வந்தாள்.

கணவர் ட்ரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஸ்டிக்கரில் விடுபட்டிருந்த ‘ப்’ ஒன்றைப் பேனாவால் சேர்த்துவிட்டு, “மத்தபடி நல்லா இருக்கு” என்று உள்ளே போய்விட்டார்.

ஓட்டிக் காட்டும் நாளுக்கு அவள் பாரம் ஏற்றியது ஒரு கலை. ஒவ்வொரு பொருளாக எடை போட்டு எழுதினாள். அரிசி, பருப்பு, கருவிப்பெட்டி, கேஸ் சிலிண்டர், துணிமணி, கயிறு, மண்வெட்டி. வண்டியும் தண்ணீருமாக மொத்தம் ஆயிரத்து நூற்று அறுபது. வண்டி தாங்கக்கூடியதற்கு நாற்பது கிலோ கீழே. எல்லாவற்றையும் சமையலறைக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும்படி பின்னால் அடுக்கினாள். தண்ணீரையும் பின் தொட்டியில்தான் நிரப்பினாள். பாத்திரம் கழுவும் இடம் அங்கேதானே. மேடையில் நிறுத்தியபோது ஒரு கிலோ பிசகவில்லை.

சகலை முன் இருக்கையில் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். தங்கச்சி பின் இருக்கையிலிருந்து எட்டி, அவருடைய காலைப் பார்க்க வாகாகச் சாய்ந்துகொண்டாள்.

ஏற்றத்தில் ஒன்றும் ஆகவில்லை. ஜல்லிப் பாதையில் ட்ரெய்லர் நாய்க்குட்டிபோலத் துள்ளிக்கொண்டு பின்னால் வந்தது. ஓடையில் இறங்கி ஏறும்போது ஒரு தடவை கால் அசைந்தது. “ஒண்ணு” என்றாள் தங்கச்சி. அதை கிலோ அக்கா பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டாள்.

தார் ரோடு இறக்கம் வந்தது. வேகம் எழுபதைத் தாண்டியதும் ட்ரெய்லரின் வால் லேசாக ஆடியது. பிறகு நன்றாக ஆடியது. பிறகு ஜீப்பையும் சேர்த்து ஆட்டியது. கண்ணாடியில் ஒருமுறை இடப்பக்கம் தெரிந்த ட்ரெய்லர் அடுத்த நொடி வலப்பக்கம் தெரிந்தது.

“ரெண்டு, மூணு, நாலு, அய்யோ அக்கா!”

சகலையின் கால் தரையைத் துளைத்துக்கொண்டு போய்விடும்போல் இருந்தது. கிலோ அக்கா பிரேக்கைத் தொடவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தாள், ட்ரெய்லருக்கு மட்டும் பிரேக் போடும் சின்ன நெம்புகோலைக் கட்டை விரலால் அமுக்கினாள். ஆட்டம் குறைந்து, குறைந்து, நின்றது. ஓரமாக நிறுத்தினாள்.

கைப்பிரேக்கை இழுத்துவிட்டுப் பின்னால் திரும்பினாள்.

“எத்தனை?” என்று கேட்டாள் கிலோ அக்கா.

“பதினொண்ணுக்கு மேல எண்ணல,” என்றாள் தங்கச்சி. “கடவுளைக் கூப்பிட ஆரம்பிச்சிட்டேன்.”

சகலை முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நான் அப்பவே சொன்னேன். பெட்டி சரியில்ல. அந்தப் பெரிய வண்டிய எடுத்துக்கலாம்க்கா. நான் கூட வர்றேன். ரூல் உங்க ரூல்தான்.”

“ரூல் உங்களுது தம்பி. ஃபெயிலானா மறுபடி டெஸ்ட் உண்டா, உங்க ஸ்கூல்ல?”

“உண்டு,” என்றார் சகலை, கொஞ்சம் யோசித்து. பொய் சொல்லத் தெரியாத மனிதர். “ஒரே ஒரு தடவை.”

வீட்டுக்கு வந்து அவள் முற்றத்தில் நாற்காலி போட்டு ட்ரெய்லரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். எடை சரி. அதில் சந்தேகமே இல்லை. எடை சரியாக இருந்தும் வண்டி ஆடியது என்பது அவளுக்குத் தன் சொந்தக் கையெழுத்தே பொய் சொன்ன மாதிரி இருந்தது. எழுந்து கொக்கியைக் கழற்றி, ட்ரெய்லரின் முன்மூக்கைக் கையால் தூக்கினாள். எளிதில் மேலே வந்துவிட்டது. ஆயிரத்து நூற்று அறுபது கிலோ வண்டியின் மூக்கு, ஒரு மூட்டை அரிசிபோல.

அப்போதுதான் முன்சக்கரத்தைத் தூக்கி வணக்கம் சொன்ன அந்த லாரி ஞாபகத்துக்கு வந்தது. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. முப்பத்தோரு வருடம், ஒரு நாளைக்கு இருநூறு லாரி, எவ்வளவு என்று கேட்டிருக்கிறாள். எங்கே என்று ஒரு லாரியிடம்கூடக் கேட்டதில்லை. கேட்பது அவள் வேலையும் இல்லை. மேடைக்கு மொத்தம் தெரிந்தால் போதும். உலகத்தில் வேறு யார் அடுக்கியிருந்தாலும் பாதியாவது தற்செயலாக முன்னால் வைத்திருப்பார்கள். கிலோ சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று நம்புகிறவள்தான் இப்படி ஒரு தப்பை இத்தனை துல்லியமாகச் செய்ய முடியும்.

“ஏங்க!” என்று கூப்பிட்டாள். “உங்க மெஷினைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க.”

கணவர் குளியலறையில் ஒரு சின்ன எடை மெஷின் வைத்திருந்தார். பத்து வருடமாக ஒரு கிலோ ஏறாமல் இறங்காமல் இருப்பவர், தினமும் காலையில் ஏறிச் சரிபார்ப்பார், தொழில் பழக்கம். அதைக் கொண்டுவந்து, மேலே ஒரு பலகை போட்டு, ட்ரெய்லரின் மூக்குச் சக்கரத்தை அதன் மேல் இறக்கினார்கள். கணவர் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.

“முப்பத்தெட்டு.”

“நூறுக்கு மேல வரணும். மொத்தத்துல பத்துல ஒரு பங்காவது மூக்குல நிக்கணும், இல்லாட்டி வால் ஆடும்.”

“பெரிய மேடையை விட்டுட்டு என் மெஷினுக்கு வந்துட்டியே.”

“பெருமை அப்புறம் படலாம். அந்தக் கருவிப்பெட்டிய அப்படிப் பிடிங்க. இல்ல, வேண்டாம். பிடிக்காதீங்க. நானே பாத்துக்கறேன்.”

பின்னால் இருந்த இரண்டாவது மாற்றுச் சக்கரத்தைக் கழற்றி முன்னால் பூட்டினாள். கருவிப்பெட்டி, பேட்டரி, சிலிண்டர் எல்லாம் முன் பெட்டிக்குப் போயின. பின் தொட்டியைத் திறந்துவிட்டு, அதே அளவு தண்ணீரை முன் தொட்டியில் நிரப்பினாள். அரிசியும் பருப்பும் சக்கரத்துக்கு நேர் மேலே. சமைக்கும்போது இனி இருபது அடி நடக்க வேண்டும். நடக்கட்டும், நடக்கத்தானே போகிறாள். கணவர் ஒவ்வொரு தடவையும் எண்ணைப் படித்தார். அறுபத்தொன்று. எண்பத்து நாலு. நூற்றுப் பதினெட்டு.

“என்னைவிட இந்த மூக்கு கனம்,” என்றார்.

வண்டியின் மொத்தம் பழையபடி ஆயிரத்து நூற்று அறுபதுதான்.

மறு டெஸ்ட் அந்த வார இறுதியில். சகலை ஏறும்போதே இருக்கைப் பட்டையை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். முந்தின நாள் பூராவும் ஆறு மாணவர்களோடு போராடிய களைப்பு முகத்தில் இருந்தது. தங்கச்சி பழைய இடத்தில் சாய்ந்துகொண்டாள்.

ஏற்றம் போனது. ஜல்லிப் பாதை போனது. ஓடை போனது. தங்கச்சி வாயைத் திறக்கவில்லை. தார் ரோடு இறக்கத்தில் வேகம் எழுபது, எழுபத்தைந்து. கண்ணாடியில் ட்ரெய்லர் சட்டம் போட்டு மாட்டின படம்போல அசையாமல் நின்றது. அடிவாரத்துக்கு வந்து ஓரமாக நிறுத்திய பிறகுதான் கிலோ அக்கா கேட்டாள்.

“எத்தனை?”

“ஒண்ணும் இல்லக்கா,” என்றாள் தங்கச்சி, மெல்லிய குரலில். “தூங்கறாரு.”

சகலையின் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. வலது கால் பாயின்மேல் பூனைபோலக் கிடந்தது. கல்யாணமாகி இருபது வருடத்தில், ஓடும் வண்டியில் அந்தக் கால் இப்படி ஓய்ந்து அவள் பார்த்ததில்லை.

கிலோ அக்கா இறங்கினாள். ரோட்டோரச் சரிவில், ஜல்லியில், ட்ரெய்லரின் சக்கரத்துக்குக் கட்டை வைத்தாள். சக்கரத்துக்குக் கட்டை வைத்தாள். ஜீப்பைத் திருப்பி ஒரு வட்டம் போட்டுப் பின்னால் எடுத்துவந்தாள். தங்கச்சி கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தாள்.

“அக்கா, நான் இறங்கிக் கை காட்டவா?”

“உள்ள உக்காரு. ரெண்டு ஆள் ஆயிடும்.”

முதல் தடவையிலேயே கொக்கி உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தில்தான் சகலை விழித்தார்.

“வந்தாச்சா?”

“வந்து, கழட்டி, மாட்டியும் ஆச்சு.”

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி விரல்களைச் சுழித்து ஒரு பூஜ்யம் காட்டினாள்.

“தூங்கினது எப்படி கணக்குல வரும்? நான் முழிச்சிருந்தா…”

“கால் அசையக்கூடாதுன்னுதானே ரூலு,” என்றாள் தங்கச்சி. “கண்ணைப் பத்தி ரூல் இல்ல.” இந்த ஒரு வருடத்துக்குத் தனக்குத் தூக்கம் வராது என்று சொன்னவள், எந்தப் பக்கம் பேசுகிறோம் என்று தானே கொஞ்சம் ஆச்சரியப்பட்டதுபோல் இருந்தது.

புறப்பட்ட அன்று காலை கணவர் வாசல்வரை வந்தார். அவர் கணக்கில் அது நெடும்பயணம். எடை மெஷினை ஒரு துணியில் சுற்றி முன் இருக்கையில் வைத்தார்.

“ரெண்டு கிலோ இருக்கும்,” என்றார். “இடம் இருக்கா?”

“முன்னாடிதானே வைக்கறீங்க, இருக்கு. உங்களுக்கு?”

“எனக்கென்ன, அதே எண்தான். மனப்பாடம்.”

ஜீப் நகர்ந்தது. பின்னால் ட்ரெய்லர், ‘சாகசப் பயணம்’ என்ற திருத்திய எழுத்தோடு, வால் ஆடாமல் தெருமுனை நோக்கிப் போனது. முனையில் அவள் வேகத்தைக் குறைக்காமலே திரும்பியபோது, வாசலில் நின்றிருந்த சகலையின் வலது கால் செருப்போடு தரையை ஓங்கி மிதித்தது.

“ஒண்ணு,” என்றாள் தங்கச்சி.